கண்ணை மூடிக்கிட்டு நின்ன நேரம்

வாங்க தம்பி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்தா வந்தீய? இந்த வெயில்லயா?

இல்ல, ஜெபம் அப்புறம் பாப்போம். முதல்ல நான் ஒண்ணு சொல்லிருதேன். நீங்க என்னமோ கேள்விப்பட்டு வந்திருக்கீய. அருமைநாயகபுரத்துல தேவஇரக்கம் உபதேசியார்னு ஒருத்தர் இருக்காரு, அவர் கண்ணை மூடி ஜெபிச்சா மறைஞ்சு கிடக்கிறதை ஆண்டவர் அவருக்குக் காட்டிருவாருன்னு யாரோ சொல்லி அனுப்பியிருக்காவ. உங்க அண்ணன் வீட்டை விட்டுப் போயி மூணு மாசமாச்சுன்னு சொல்லுதீய. உசுரோட இருக்காரா, எந்தப் பக்கம் இருக்காருன்னு நான் ஜெபிச்சுச் சொல்லணும். அதுதான வந்த விஷயம்?

எனக்குத் தெரியாது தம்பி.

கோவிச்சுக்கிடாதீய. எனக்கு உண்மையாவே தெரியாது. போன மாசம் ஒரு அம்மா காணாமப் போன செயினைக் கேட்டு வந்தாவ. அதுக்கு முன்னால ஒருத்தர், பொண்டாட்டி வயித்துல இருக்கிறது எப்படி இருக்குன்னு கேட்டு வந்தாரு. எல்லாரையும் காப்பித்தண்ணி குடுத்து, சும்மா ரெண்டு வார்த்தை ஜெபிச்சு அனுப்பிட்டேன். உங்க மூஞ்சைப் பாத்தா அப்படி அனுப்ப மனசு வரல. நீங்க வெளியூர் வேற. இந்த ஊர்ல உங்களுக்கு யாரையும் தெரியாதுல்லா? நல்லது.

எனக்கு ஆண்டவர் ஒண்ணும் காட்டல. எனக்குத் தெரிஞ்சது ஒரு குழி. அதுவும் நான் தோண்டினது.

இருங்க, முறையாச் சொல்லுதேன். இதுல என் தப்புன்னு எதைச் சொல்ல, எதை விட? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

முப்பத்தோரு வருஷம் இந்தச் சபைக்கு நான் உபதேசியாரா இருந்தேன். ஐயர், அதாவது போதகர், நாலு ஊரைப் பாக்கணும், மாசத்துக்கு ரெண்டு ஞாயிறுதான் இங்க வருவாவ. மத்தபடி ஆராதனை, சாவு, கல்யாணம், சீக்காளி வீட்டு ஜெபம் எல்லாம் நான்தான். குரல் நல்லா இருக்கும் எனக்கு. நீளமா ஜெபிப்பேன். நான் ஜெபிக்க ஆரம்பிச்சா சின்னப் பிள்ளைய முழங்கால் மாத்தி மாத்தி நிக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா பெரியவங்களுக்கு அதுதான் பிடிக்கும். உபதேசியார் ஜெபிச்சா ஒரு ஆளு விடுபடாதும்பாவ.

நாலு வருஷத்துக்கு முன்னால பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டுனோம். செப்டிக் டேங்குக் குழியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தோண்டணும்னு ஐயர் சொல்லிட்டு லீவுல போயிட்டாவ. பின்னால தோண்டுனா சுக்காம்பாறை. கடப்பாரை தெறிக்கு. கோயில் கிணத்துக்குக் கிழக்க தேரி மண்ணு, செவப்பு மணலு, மெத்தை மாதிரி இருக்கும். சரி, இங்க தோண்டுங்கலேன்னு வேலைக்காரன்ட்ட சொல்லிட்டேன். பதினஞ்சு அடி இறங்கின பிறகுதான் எனக்கே உறைச்சுது, கிணத்துக்கும் குழிக்கும் நடுவுல அஞ்சடி கூட இல்ல. ஊரு குடிக்கிற தண்ணி. ஐயர் வந்தா என்னைய உரிச்சிருவாவ. அவுக வரதுக்குள்ள குழியை மூடிட்டேன். ஒடைஞ்ச செங்கல், பழைய ஓடு, அள்ளின மண்ணு, எல்லாத்தையும் போட்டு மூடி, மேல குரோட்டன்ஸ் செடி நட்டுட்டேன். கக்கூஸுக்கு ஐயர் சொன்ன இடத்துலயே பாறையை உடைச்சு வேற குழி எடுத்தாச்சு. வேலைக்கு வந்தவன் வேற ஊருக்காரன். பள்ளிக்கூடம் லீவு. ஒருத்தருக்கும் தெரியாது. மழைக்கு மழை அந்த இடம் ஒரு சாண் அமுங்கும். நானே ரெண்டு கூடை மண்ணு தூக்கிப் போட்டுச் சரி பண்ணுவேன். செடிக்கு மண்ணு அணைக்கேன்னு நினைப்பாவ.

அவ்வளவுதான் தம்பி. மனுசன் செய்யுற தப்புதான். யாருக்கு என்ன கெடுதல்?

போன வருஷம் கோடையில கிணறு வத்திப் போச்சு. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கு. பண்டிகைன்னா எங்க ஊர்ல அசனம் உண்டு, ஊர் கூடி உக்காந்து சோறு சாப்பிடுவோம், வெளியூர்ல இருந்தெல்லாம் ஜனம் வரும். தண்ணிக்கு என்ன செய்ய? கிணத்தைத் தூர் வாரி இன்னும் அஞ்சடி ஆழப்படுத்துவோம்னு கமிட்டியில முடிவாச்சு. பக்கத்து ஊர்ப் பலவேசத்தைக் கூப்பிட்டோம். கிணத்து வேலையில கெட்டிக்காரன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நம்ம மார்க்கம் இல்ல, சுடலைமாடன் கும்பிடுறவன். ஆனா முதல் நாள் நான் ஜெபிக்கும்போது தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் குனிஞ்சு நின்னான். அவன் தலை மேல கை வச்சு ஜெபிச்சேன்.

நாலாம் நாள் காலையில அவன் மேல ஏறி வந்து என்னையக் கூப்பிட்டான்.

"அய்யா, கிழக்குப் பக்கம் கல்லு இடுக்குல மண்ணு பொலபொலன்னு உதிருது. எனக்கு அது சரியாப் படல."

"கிணறுன்னா மண்ணு உதிரத்தானல செய்யும்?"

"இது கிணத்து மண்ணு இல்லய்யா. கொட்டுன மண்ணு மாதிரி இருக்கு. இதைப் பாருங்க." கையை விரிச்சுக் காட்டினான். செங்கல் துண்டு. "நாப்பதடி ஆழத்துல போற கிணத்துக்குள்ள செங்கல் எப்படிய்யா வரும்? ரெண்டு நாள் விட்டுப் பாப்போம். இல்லன்னா மேல இருந்து கிழக்குப் பக்கம் தோண்டிப் பாப்போம்."

கிழக்குப் பக்கம் தோண்டுனா என்ன வரும்னு எனக்குத்தான தெரியும்? செங்கலும் ஓடும் அள்ள அள்ள வரும். ஊரே நின்னு பாக்கும். பண்டிகைக்கு ஐயர் வேற வாராவ.

நான் அந்தச் செங்கல் துண்டை அவன் கையில இருந்து வாங்கி என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். "ஏதோ பழைய காலத்துச் செங்கலாட்டு இருக்கும். ஜெபம் பண்ணித்தானல வேலையை ஆரம்பிச்சோம்? ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. எறங்கு"ன்னேன்.

அவன் என் மூஞ்சைப் பாத்தான். நான் பெரிய மனுசன், கோயில்ல நிக்கிறவன். என் வார்த்தையை நம்பி எறங்கிட்டான்.

ஒம்பதரை மணி இருக்கும். நான் பள்ளிக்கூட வராந்தாவுல நிக்கேன். தரைக்குள்ள யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். இடி மாதிரிக்கூட இல்ல தம்பி. பெருமூச்சு. செவப்புத் தூசி கிணத்துல இருந்து எழும்பி வருது. மேல ராட்டுல கயிறு இழுத்துக்கிட்டு நின்ன ரெண்டு பேரும் ஓடியாராவ. கிழக்குப் பக்கச் சுவர் அப்படியே சரிஞ்சு உள்ள போயிட்டு.

பலவேசம் உள்ள.

ஓடிப் போயி கோயில் மணியை அடிச்சேன். ஊரு கூடிருச்சு. தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரமாச்சு. அதிகாரி பேரு மொய்தீன். நிதானமான மனுசர். பழைய மோட்டாருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் பைப்பு ஒண்ணு அடி வரைக்கும் போகும், அதுல காதை வச்சுக் கேட்டாரு. கையைத் தூக்கினாரு. எல்லாரும் வாயை மூடிட்டாவ.

"முனகுறாரு. உயிர் இருக்கு"ன்னாரு.

ரெண்டு பெரிய கல்லு ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு நின்னு, அதுக்கு அடியில இடைவெளியில கிடக்கான். கால் மாட்டியிருக்கு. மேல இருந்து கல்லை எடுத்தா மிச்சமும் அவன் மேல விழும். பக்கவாட்டுல சரிவா வெட்டி இறங்கணும், அதுதான் வழின்னாரு அதிகாரி. மேக்க கோயில் சுவர். தெக்க பள்ளிக்கூடம். வடக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைய படிக்கிற கான்கிரீட் ஷெட்டு. கிழக்க மட்டும்தான் வெட்ட வெளி.

ஜேசிபியைக் கிழக்க கொண்டு வாங்கன்னாரு.

தம்பி, அந்த வார்த்தை காதுல விழுந்த உடனே என் கண்ணு கிழக்க போயிட்டு. எட்டு டன் எடை இருக்குமாம் அந்த வண்டி. அது குரோட்டன்ஸ் செடி மேல ஏறி நின்னா என்ன ஆகும்? குழி அமுங்கும். உள்ள கிடக்கிற அம்புட்டுச் செங்கலும் மண்ணும் கிணத்துக்குள்ள தள்ளும். வண்டியும் சேந்து போகும். பலவேசத்துக்கு மேல.

அப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும். ஆனா யாரோ என் கையில மைக்கைக் குடுத்தாவ. கமிட்டிக்காரங்க கோயில் ஸ்பீக்கரை வெளிய கொண்டாந்து வச்சிட்டாவ. "உபதேசியாரே, ஜெபியுங்க. ஜனங்க அழுவுது, ஜெபியுங்க." நான் கண்ணை மூடினேன்.

கண்ணை மூடின உடனே என்னா நிம்மதிங்கீய! இருட்டு. யாரும் இல்ல. நானும் என் குரலும்தான்.

"சர்வத்தையும் அறிந்த பிதாவே! உமக்கு மறைவானது ஒன்றுமில்லை சுவாமி! பூமியின் ஆழத்தில் கிடக்கிற உம்முடைய பிள்ளையை நீர் காண்கிறீர்!" அப்படித்தான் ஆரம்பிச்சேன். தீயணைப்பு வீரர்களுக்காக ஜெபிச்சேன். ஜேசிபி ஓட்டுறவருக்காக ஜெபிச்சேன். ஆஸ்பத்திரி டாக்டர்மாருக்கு, நர்சுமாருக்கு, ஆம்புலன்சு போற ரோட்டுக்கு, அவன் பொண்டாட்டி பிள்ளையளுக்கு, அவன் கூடப் பிறந்தவங்களுக்கு, மழைக்கு, தேசத்துக்கு. ஒரு ஆளை விடல. அன்னைக்கு நான் விட்டது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் குழி.

வண்டி உள்ள வரதுக்குக் காம்பவுண்டுச் சுவரை இடிக்கணும். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. டங்கு, டங்குன்னு. ஒவ்வொரு அடிக்கும் என் குரலை ஏத்துதேன்.

அப்ப பூட்ஸ் சத்தம். எனக்கு முன்னால வந்து ஒரு ஆளு நிக்காரு. கண்ணைத் திறக்கல, ஆனா தெரியுது. டீசல் வாடையும் வேர்வை வாடையும். அந்த அதிகாரிதான். பக்கத்துல யார்ட்டயோ மெல்லக் கேக்காரு: "இந்தக் கிழக்குப் பக்கம் பழைய குழி, தொட்டி, பைப்லைன் ஏதாவது உண்டா? விவரம் தெரிஞ்சவங்க யாரு?"

"எங்க உபதேசியாருக்குத்தான் சார் தெரியும். முப்பது வருஷமா இருக்காவ. ஜெபத்தை முடிச்சதும் கேளுங்க."

அவர் நிக்காரு. வேற மார்க்கத்துக்காரர், ஜெபத்துக்கு நடுவுல பேசக்கூடாதுன்னு மரியாதையா நிக்காரு. எனக்கு அவர் மூச்சு விடுறது கேக்கு. நான் ஆமென் சொல்லணும். சொன்னா கண்ணைத் திறக்கணும். திறந்தா கேப்பாரு. ஆமென் தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போகுது. நான் மறுபடியும் ஆரம்பத்துல இருந்து ஆரம்பிச்சேன். சர்வத்தையும் அறிந்த பிதாவே...

எவ்வளவு நேரம் நின்னாருன்னு தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். அப்புறம் யாரோ, "அப்படி ஒண்ணும் இங்க இருக்காது சார், வெறும் தோட்டம்தான்"னாவ. பூட்ஸ் சத்தம் போயிட்டு.

ஏன் சொல்லலன்னு கேக்கீய. உங்க கண்ணு கேக்குது. பயம் தம்பி. பலவேசத்தோட அண்ணன் தம்பிமாரு சுத்தி நிக்கானுவ. ஊரு நிக்கு. நான் ஓய்வு பெற ரெண்டு மாசம்தான் இருக்கு. காலையில அவன் காட்டின செங்கல் என் சட்டைப் பையில கிடக்கு, மைக்கைப் பிடிச்சிருக்கிற கைக்கு நேரா, நெஞ்சுல உறுத்துது. சொன்னா ஒண்ணோட நிக்காது. குழி வரும், செங்கல் வரும், எறங்குன்னு சொன்னது வரும்.

வாய் ஒரு பக்கம் சத்தமா ஜெபிக்குது. உள்ள ஒரு ஜெபம் தனியா ஓடுது. ஆண்டவரே, உமக்குத் தெரியும்லா? நீரே ஏதாவது செய்யும். வண்டிக்கு டீசல் தீரட்டும். டயர் பஞ்சராகட்டும். அதிகாரி மனசை வடக்க திருப்பும். எப்படியாவது நீரே சொல்லிரும், என்னையச் சொல்ல வைக்காதேயும். அன்னைக்கு நான் ஜெபிச்சதுல அது ஒண்ணுதான் நிசமான ஜெபம். ஊருக்குக் கேக்காத ஜெபம்.

டயர் பஞ்சராகல. சுவர் விழுந்துச்சு. வண்டி உறுமுது.

அப்ப யாரோ என் வேட்டியைப் பிடிச்சு இழுத்தாவ. கண்ணைத் திறந்துட்டேன். பலவேசத்துப் பொண்டாட்டி, சுடலைவடிவு. எனக்கு முன்னால தரையில உக்காந்திருக்கா. எப்ப வந்தாளோ தெரியாது. அழல. கண்ணு காஞ்சு கிடக்கு. எங்க ஊர்ப் பொம்பளைய எல்லாம் அழுவுது, அவ மட்டும் அழல.

"அய்யா, ஒண்ணு கேக்கட்டா?"

நான் மைக்கை வாயில இருந்து எடுத்தேன்.

"உங்க சாமிக்கு எல்லாம் தெரியும், எல்லாம் தெரியும்னு எம்புட்டு நேரமாச் சொல்லுதீய. தெரிஞ்சவர்ட்டப் போயி எதுக்குய்யா திரும்பத் திரும்பச் சொல்லுதீய? தெரியாம முழிச்சிக்கிட்டு இங்க நிக்காவளே, இவுகட்டச் சொல்லுங்களேன்."

எனக்கு உசுரே போயிட்டு. இவளுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். காலையில அவன் வீட்டுல ஏதும் சொல்லியிருப்பானோ? "என்ன... என்ன சொல்லச் சொல்லுதே?"ன்னேன்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூச்சு எளப்பு உண்டுய்யா. தூசி ஆகவே ஆகாது. வண்டி வந்தா தூசி பறக்கும். முதல்ல தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. நான் சொன்னா தள்ளிப் போம்மாங்காவ. உங்க கையில மைக்கு இருக்கு. நீங்க சொன்னா கேப்பாவ."

அவ்வளவுதான் அவ கேட்டது. தூசி. தண்ணி தெளிக்கணும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

ஆனா அந்த நேரத்துல எனக்கு என்னமோ ஆயிட்டு தம்பி. அவ தலைக்கு மேல பாத்தா வண்டி சுவரைத் தாண்டிட்டு. முன் சக்கரத்துக்கும் குரோட்டன்ஸ் செடிக்கும் நடுவுல பத்தடி இருக்குமா? அவ்வளவுதான் இருந்துச்சு.

"நிறுத்து!"ன்னு கத்திட்டேன். மைக்குல. ஸ்பீக்கர் கீச்சுன்னு அலறுது. "நிறுத்துல! ஏறாத! அதுல குழி இருக்கு!"

வண்டி நின்னுட்டு. ஊரு நின்னுட்டு. மைக்கைத் தரையில போட்டுட்டு ஓடிப் போயி அதிகாரி கையைப் பிடிச்சுக்கிட்டேன். குழி இருக்கு சார், பதினஞ்சு அடி, ஏழுக்கு ஏழு, செங்கலும் மண்ணும் போட்டு மூடினது. திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் ஒரு கம்பியை வாங்கிச் செடிக்குப் பக்கத்துல குத்தினாரு. வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கிட்டு. கம்பியை உருவி எடுத்துட்டு என்னையப் பாத்தாரு.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான் சார் ஞாபகம் வந்துச்சு. ஜெபத்துல."

பொய்தான். வாயில வந்துட்டு. "ஞாபகம் வந்துச்சா"ன்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பிட்டாரு. அடிச்சிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

வடக்க ஷெட்டை இடிச்சுத்தான் வழி பண்ணினாவ. கான்கிரீட்டு. அதுக்கு நேரமாச்சு. தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வெட்டினாவ, அதையும் அதிகாரிட்ட சுடலைவடிவே போயிச் சொன்னா. நாலே முக்காலுக்குப் பலவேசத்தைத் தூக்கினாவ. செவப்பு மண்ணுல செஞ்ச பொம்மை மாதிரி இருந்தான். கண்ணு மட்டும் வெள்ளையா முழிச்சுப் பாக்கான். உசுரு இருக்கு. வலது கால் முழங்காலுக்குக் கீழ நசுங்கிட்டு, ஆஸ்பத்திரியில எடுத்துட்டாவ. ரெண்டு மணி நேரம் முன்னால கொண்டாந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு ஒரு டாக்டர் சொன்னதா ஒரு பேச்சு. எனக்கு அது சரியாத் தெரியாது. டாக்டர்மார் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாவ.

சாயங்காலத்துக்குள்ள ஊர்ல பேச்சு எப்படி மாறிட்டுங்கீய? "உபதேசியாருக்கு ஜெபத்துல ஞாபகம் வந்துச்சாம்." விளக்கு வைக்கிற நேரத்துக்கு, "ஆண்டவர் ஞாபகப்படுத்தினாராம்." மறுநாள், "மண்ணுக்குள்ள குழி இருக்குன்னு ஆண்டவர் அவருக்குக் காட்டினாராம்." யார் தோண்டின குழி, எப்பத் தோண்டினதுன்னு ஒருத்தர் கேக்கல! ஐயர் கூட ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல என் பேரைச் சொன்னாவ. நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன். எல்லாரும் திரும்பிப் பாக்காவ. அப்ப எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பீய. கோயில்ல எப்படித் தம்பி? பிரசங்கத்துக்கு நடுவுல?

ஆனா அன்னையில இருந்து எனக்கு ஜெபிக்க முடியல. கண்ணை மூடினா அந்த அதிகாரி வந்து நிக்காரு. நான் முடிக்கட்டும்னு மரியாதையாக் காத்துக்கிட்டு நிக்காரு.

பொறுக்க முடியாம ஒரு நாள் ஐயர்ட்ட கேட்டேன். குழியைப் பத்தி இல்ல, பொதுவாக் கேட்டேன். "ஐயா, எல்லாம் தெரிஞ்ச ஆண்டவர்ட்ட நாம எதுக்குச் சொல்லணும்?" ஐயர் சிரிச்சாவ. "உபதேசியாரே, நீர் போயி இதைக் கேக்கீரா? பிள்ளைக்குப் பசிக்குன்னு தாய்க்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளை வாயைத் திறந்து கேட்டா தாய்க்கு ஒரு சந்தோசம்."

நானும் அதைத்தான் முப்பத்தோரு வருஷம் ஜனங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். பசிச்ச பிள்ளைக்கு அது சரி. சட்டியை உடைச்ச பிள்ளைக்கு? தாய் பாத்துக்கிட்டே நின்னிருக்கா, உடைச்சதும் தெரியும், ஒளிச்சு வச்சதும் தெரியும். அந்தப் பிள்ளை முன்னால போயி, "அம்மா, உனக்கு எல்லாம் தெரியும், நீ நல்லவ"ன்னு பாட்டுப் பாடினா அவளுக்கு என்ன தோணும்? அதை ஐயர்ட்ட நான் கேக்கல. கேட்டா, எந்தச் சட்டின்னு கேப்பாவ.

முன்னாலயெல்லாம், ஆண்டவருக்குத் தெரியும்ங்கிறது எனக்கு ஆறுதலா இருந்துச்சு. இப்ப அதுதான் பயம். வெயில்ல நடந்தாலும் முதுகுல சில்லுங்கு.

இருங்க, இன்னும் முடியல. பலவேசத்தைப் பத்திச் சொல்லணும்லா?

ஆஸ்பத்திரியில இருந்து வந்த உடனே அவனும் அவன் பொண்டாட்டியும் நேரா இங்கதான் வந்தாவ. என் காலைத் தொட வாரான். கட்டையை ஊணிக்கிட்டு, ஒத்தைக் கால்ல, குனியுதான். நான் பின்னால நகந்துட்டேன். இனிமே கிணத்துக்குள்ள இறங்க முடியாதுல்லா, அதனால கமிட்டியில பேசி அவனைக் கோயில் வாட்ச்மேனாப் போட்டிருக்கு. நான்தான் பேசினேன். அதையும் நீங்க கணக்குல எடுத்துக்கிடணும். மார்க்கம் மாறச் சொல்லி யாரும் சொல்லல. ஆனா ஞாயிறு ஆராதனை முழுக்க வாசல்ல உக்காந்து கேப்பான்.

ஒரு நாள் இதே அறையில, நீங்க இருக்கிற நாற்காலியில உக்காந்துக்கிட்டுக் கேட்டான்.

"அய்யா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன். அன்னைக்கு ஏன்யா திடீர்னு நிப்பாட்டினீய?"

"எதைல?"

"ஜெபத்தை. எனக்கு அடியில எல்லாம் கேட்டுச்சுய்யா. அந்தப் பைப்பு வழியா. வார்த்தை சரியா விளங்காது, ஆனா உங்க குரல்னு தெரியும். இருட்டு, மூச்சு முட்டுது, கால் இருக்கா இல்லையான்னு தெரியல. அய்யா குரல் கேக்கு, மேல ஆளு இருக்கு, என்னைய விட்டுட்டுப் போகலன்னு அதையே பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். திடீர்னு ஒரு கத்து. அதுக்குப் பிறகு ஒண்ணுமே கேக்கல. எல்லாம் முடிஞ்சு போச்சு, நம்மளை விட்டுட்டாவன்னு நினைச்சுட்டேன். அன்னைக்கு முழுக்க எனக்கு வராத பயம் அப்பத்தான் வந்துச்சு. ஏன்யா நிப்பாட்டினீய?"

நான் அவனைக் காப்பாத்தினது அந்த நிமிசத்துல, தம்பி. வாழ்க்கையில ஒரு தடவை வாயைத் திறந்து உண்மையைச் சொன்னது அப்பத்தான். கீழ கிடக்கிறவன் அந்த நிமிசத்துலதான் கைவிட்டுட்டாவன்னு நினைச்சிருக்கான். அதுக்கு முன்னால நான் அவனை விட்டுட்டுக் கண்ணை மூடி நின்ன அம்புட்டு நேரமும், நான் கூட இருக்கேன்னு நினைச்சுத் தைரியமாக் கிடந்திருக்கான்.

அப்ப அந்த ஜெபத்துக்கு என்ன பேரு? ஆண்டவருக்குத் தேவையில்ல, எனக்கு அது ஒளியுற இடம். ஆனா அவனை உசுரோட வச்சது அதுதான்ங்கான். எனக்கு விளங்கல. படிச்ச பிள்ளை நீங்க, உங்களுக்கு விளங்குதா?

அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு கேக்கீயளா? எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் வாயைத் திறந்தேன். அவன் என் மூஞ்சையே பாக்கான், அன்னைக்குக் காலையில பாத்த மாதிரியே. "தொண்டை கட்டிருச்சுல"ன்னேன்.

"அதானய்யா. அம்புட்டு நேரம் கத்தினா கட்டாம என்ன செய்யும்?"ன்னு சிரிச்சான். மறுநாளே பனங்கற்கண்டும் சுக்கும் தட்டிப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்து குடுத்தான். அன்னையில இருந்து வாரம் தவறாமக் கொண்டாரான். வேண்டாம்னாலும் கேக்க மாட்டான். அலமாரியில வரிசையா இருக்கு பாருங்க, ஒண்ணைக்கூட நான் பிரிக்கல.

உங்க அண்ணன் விஷயத்துல நான் என்ன செய்ய? போலீஸ்ல சொல்லியாச்சா? அவர் எதுக்குப் போனாருன்னு வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீய. சொல்லும்போது நீங்க கீழ குனிஞ்சீய. நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு எதுக்கு அது?

ஸ்... தம்பி. வெளி கேட்டு திறக்கிற சத்தம் கேக்கு. கட்டை ஊணி வாரது கேக்குதா? அவன்தான். உங்களைப் பாத்ததும், எங்க அய்யாவோட ஜெபம் எப்பேர்ப்பட்டது தெரியுமான்னு ஆரம்பிச்சிருவான். நீங்க ஒண்ணும் வாயைத் திறந்துராதீய. நான் சொன்னது எதையும் அவன்ட்ட சொல்லிராதீய தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்.

வேண்டாம், எந்திரிக்காதீய. உக்காருங்க. தலையைக் குனிஞ்சு கண்ணை மூடுங்க. நானும் மூடிக்கிடுதேன். ஜெபம் நடந்தா அவன் குறுக்க பேச மாட்டான். வாசல்ல காத்துக்கிட்டு நிப்பான்.